சின்னப்பா சண்டை போட்டார்

தமிழ் சினிமா வரலாறு என்று நம் கையில் இருப்பதில் பெரும்பகுதி பெயர்ப்பட்டியல்தான். யார் எந்தப் படத்தில், எந்த ஸ்டுடியோவில், யாருக்கு ஜோடியாக என்பதற்கு மேல் அது அதிகம் நகர்வதில்லை. இந்தப் பட்டியலில் பெயர் என்பது ஏற்கனவே தீர்ந்துபோன விஷயம். ஒரு பெயர், ஒரு ஆள். 1969இல் ஆசிரியன் என்பது யார் என்று கேட்டுக்கொண்ட ஃபூக்கோ, ஆசிரியனின் பெயர் ஓர் ஆளைச் சுட்டுவதோடு நிற்காமல் பிரதிகளை வகை பிரிக்கும் வேலையையும் செய்கிறது என்றார். நம்முடைய சினிமாப் பெயர்களும் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கின்றன. அதைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமென்றால் பெயர் குழம்பும் இடத்தில் போய் நிற்க வேண்டும். கோயமுத்தூர்ப் பக்கத்தில் பிறந்தவனுக்கு அப்படியொரு இடம் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு சின்னப்பாக்கள்.

ஒருவர் பி.யு. சின்னப்பா (1916-1951). புதுக்கோட்டைக்காரர். நாடக நடிகரான உலகநாத பிள்ளையின் மகன். 'உத்தமபுத்திரன்' (1940), 'ஆர்யமாலா' (1941), 'கண்ணகி' (1942), 'ஜகதலப்ரதாபன்' (1944), 'மங்கையர்க்கரசி' (1949) ஆகிய படங்களின் நாயகன். பாகவதருக்கு எதிர்வரிசையில் நின்ற ஒரே ஆள் என்று அந்தத் தலைமுறை சொல்லும். முப்பத்தைந்து வயதில் இறந்துபோனார். மற்றவர் சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் (1915-1978). கோவை ராமநாதபுரத்தில் பிறந்தவர். பங்கஜா மில்லில் கூலிக்குப் போனவர், தேகப்பயிற்சிச் சாலை நடத்தியவர், சினிமாவில் சண்டை போட வந்து பிறகு படமெடுத்தவர். எம்.ஜி.ஆரை வைத்து மட்டும் பதினாறு படங்கள் எடுத்தார். யானையை வைத்து, மாட்டை வைத்து, பாம்பை வைத்து, ஆட்டை வைத்து எடுத்தவை தனி.

இருவரும் ஓராண்டு இடைவெளியில் பிறந்தவர்கள். இருவருக்கும் கோவையின் ஸ்டுடியோக்களில் வேலை இருந்தது. இதற்குமேல் இவர்களைக் குழப்பிக்கொள்ள வளர்ந்தவர்களுக்குக் காரணம் கிடையாது. பிள்ளைகளுக்கு இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் வளர்ந்த எங்களுக்கு முதல் சின்னப்பாவின் முகம் தெரியாது. அவர் வெறும் குரல். காலையில் கோவை வானொலியில் பழைய பாட்டு வரும்போது ஓர் அறிவிப்பு: பாடியவர் பி.யு. சின்னப்பா. இரண்டாவது சின்னப்பாவுக்குக் குரல் கிடையாது. அவர் வெறும் எழுத்து. ஞாயிற்றுக்கிழமை டிவியில் 'நல்ல நேரம்' போட்டால் யானை வருவதற்கு முன்னால் திரை முழுக்க அந்தப் பெயர் வரும். ஒருபக்கம் ஆளில்லாத குரல், மறுபக்கம் ஆளில்லாத பெயர். இரண்டையும் ஒட்டினால் ஒரு முழு மனிதர் கிடைக்கிறார். என்னைவிட மூன்று வயது இளையவனான என் மாமன் மகன் அதைத்தான் செய்தான். அவன் கணக்குப்படி சின்னப்பா முதலில் பாடிக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிப் போய்விட்டது. அதனால் கர்லாக்கட்டை சுற்றி உடம்பைத் தேற்றிக்கொண்டார். அப்புறம் யானை வாங்கிப் படமெடுத்தார். முன்பின் முரண் இல்லாத வாழ்க்கை வரலாறு. நம்முடைய பல சினிமா வரலாற்று நூல்களைவிட இதில் காரண காரியத் தொடர்ச்சி அதிகம்.

எம்.ஏ. படிக்கும்போது தொல்காப்பியச் சொல்லதிகாரம் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல் பற்றிய பகுதிக்கு வந்தபோது எனக்கு இவன் ஞாபகம்தான் வந்தது. பலபொருள் ஒருசொல்லைத் தொல்காப்பியர் இரண்டாகப் பிரிக்கிறார். வினையால் வேறுபடுவது ஒன்று, வினையால் வேறுபடாதது ஒன்று. 'மா' என்ற சொல்லை உரையாசிரியர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மா பூத்தது என்றால் அது மரம். ஓடியது என்றால் அது விலங்கு. வினை வந்து பொருளைத் தீர்த்துவைக்கிறது. ஆனால் மா விழுந்தது என்றால்? மரமும் விழும், குதிரையும் விழும். அங்கே வினை கைவிரித்துவிடுகிறது. பேசுபவன்தான் 'மாமரம்' என்றோ வேறெப்படியோ வெளிப்படையாகக் கிளந்து சொல்லியாக வேண்டும். சசூருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லின் பொருள் சொல்லுக்குள் இல்லை, பக்கத்துச் சொல்லோடு அதற்குள்ள உறவில் இருக்கிறது என்பதைத் தொட்டுவிட்ட இடம் இது என்று தமிழாசிரியர்கள் பெருமைப்படுவார்கள். பெருமை இருக்கட்டும். நமக்கு வேண்டியது அந்தக் கைவிரிக்கும் வினை.

சின்னப்பா பாடினார் என்றால் புதுக்கோட்டைக்காரர். சின்னப்பா யானை வாங்கினார் என்றால் ராமநாதபுரத்துக்காரர். சின்னப்பா சண்டை போட்டார் என்றால்?

வளர்ந்தவர்கள் யோசிக்காமல் தேவர் என்பார்கள். இந்த யோசிக்காமைதான் என் விஷயம். பி.யு. சின்னப்பாவைத் தமிழ் சினிமா வரலாறு பாட்டு என்ற அறையில் போட்டுப் பூட்டியிருக்கிறது. அவர் காலத்தை நாம் பாட்டு யுகம் என்கிறோம். அதில் இருந்தவர்களுக்குத் தொண்டைதான் உண்டு, உடம்பு இல்லை. பாகவதருக்கு ஜவ்வாதும் பட்டு ஜிப்பாவும் உடம்பு. அதற்குமேல் அவரிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பி.யு. சின்னப்பா கம்பும் கத்தியும் பழகியவர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பேர் வாங்கிய பையனுக்கு, பையன்களுக்கே வருவதுபோல, குரல் உடைந்தது. நாடகத்தை விட்டு விலகியிருந்த அந்தக் காலத்தில் சங்கீதத்தோடு சிலம்பமும் எடை தூக்குவதும் பழகினார் என்பது அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் வருவதுதான். அதாவது என் மாமன் மகன் கட்டிய கதையின் முதல் பாதி, தொண்டை போனதும் உடம்பைத் தேற்றியதும், ஏறக்குறைய நடந்த விஷயம். யானைதான் வேறு ஆளுடையது.

'ஆர்யமாலா'வில் அவர் காத்தவராயன். கழுவேற்றப்படும் நாட்டார் கதைநாயகனைப் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு செய்ய முடியாது. 'உத்தமபுத்திர'னில் அவரே இரண்டு ஆள். தமிழ் சினிமாவின் முதல் இரட்டை வேடம் அது. நல்லவனையும் கெட்டவனையும் பிரித்துக்காட்ட அங்கே பாட்டு மட்டும் போதாது. நிற்கிற நிலையில், தோளில், நடையில் வித்தியாசம் காட்டியாக வேண்டும். 'மங்கையர்க்கரசி'யில் மூன்று ஆள். வாழ்நாள் முழுக்க ஒரே பெயருக்குக் கீழே பல ஆட்களாக நடித்தவரை, செத்தபிறகு ஒரே குரலாகச் சுருக்கியது காலத்தின் வேலை மட்டுமல்ல. இசைத்தட்டு மிஞ்சியது, படச்சுருளில் நிறைய மிஞ்சவில்லை. எது மிஞ்சுகிறதோ அதுவே வரலாறு ஆகிவிடுகிறது.

தேவர் பக்கமும் இதே வெட்டுதான், தலைகீழாக. அவர் உடம்பு என்ற அறையில் இருக்கிறார். 'சாண்டோ' என்ற அடைமொழியே அதற்குச் சாவி. பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ (1867-1925) உடம்பைக் காட்டுவதையே ஒரு கலையாக்கி உலகம் சுற்றியவர். இந்தியாவுக்கும் வந்து போனார். அவர் பெயரே வைத்துக்கொண்ட பெயர்தான், பெற்றோர் வைத்ததல்ல. அது இங்கே ஊருக்கு ஒரு பயில்வானுக்குப் பட்டமாயிற்று. திருப்பூரில் கைவைக்காத பனியனுக்கும் சாண்டோ என்று பேர். ஒரு வெள்ளைக்காரப் பயில்வானின் புனைபெயர், கோவை மில் தொழிலாளியின் அடைமொழியாகவும் பக்கத்து ஊர் பனியனாகவும் ஆன கதையை யாராவது தனியாக எழுத வேண்டும். ராமநாதபுரத்தில் தேவர் நடத்திய வீரமாருதி தேகப்பயிற்சிச் சாலையை வெறும் கசரத்துக் கூடமாகப் பார்க்க முடியாது. ஷிப்ட் நேரம் முழுக்க இயந்திரத்துக்கு ஒப்புக்கொடுத்த உடம்பை, சங்கு ஊதிய பிறகு தனக்கென்று திரும்ப வாங்கிக்கொள்கிற இடம் அது. இந்த ஊரின் மில் வரலாற்றைச் சங்கம், போராட்டம், கூலி என்று எழுதியவர்கள் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கியிருக்கலாம்.

பிள்ளைகளின் குழப்பத்தை வளர்ந்தவர்கள் எப்படித் தீர்த்தார்கள் என்பதை இப்போது பார்க்கலாம். என் அப்புச்சி தீர்த்தது இப்படி.

"ஏனுங்க அப்புச்சி, இந்தப் பாட்டுப் பாடுனவருதானுங்க யானைப் படமெல்லாம் எடுத்தாரு?"

"அட, அவுரு வேற, இவுரு வேற சாமி."

"ரெண்டு பேரும் சின்னப்பாதானுங்களே?"

"இவுரு தேவரு. நம்ம ராமநாதபுரத்துக்காரரு. அவுரு புதுக்கோட்டை, பிள்ளைமாரு."

"தேவருன்னா என்னுங்க?"

அப்புச்சி ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். "நாம ஒண்ணா இருக்கறாப்பல அவிய ஒண்ணு கண்ணு. வேற வேற."

அவனுக்குக் கிடைத்த முதல் சாதிப் பாடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதற்காக அப்புச்சியைக் கூண்டில் ஏற்ற முடியாது. வினை வேறுபடுத்தாத இடத்தில் கிளந்து சொல்லத்தானே வேண்டும்? அவர் கையில் கிடைத்த சொல்லால் கிளந்தார். ஆனால் கையில் கிடைத்த சொல் எது என்பதுதான் கேள்வி. பி.யு., எம்.எம்.ஏ. என்ற தலைப்பெழுத்துகள் இருந்தன. புதுக்கோட்டை, கோயமுத்தூர் என்ற ஊர்கள் இருந்தன. பாட்டு, பயில்வான் என்ற தொழில்கள் இருந்தன. இத்தனையையும் தாண்டி முதலில் நாக்கில் வந்தது அது. லெவி ஸ்ட்ராஸ் 1962இல் ஆதிவாசிச் சிந்தனை பற்றி எழுதும்போது இடுபெயர்கூட ஒரு வகைப்பாட்டுக்குள்தான் உட்காருகிறது, தனி ஆளை மட்டும் சுட்டும் பெயர் என்று ஒன்றில்லை என்கிற திசையில் வாதிட்டார். அதற்கு அமேசான் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. சூலூர்த் திண்ணை போதும்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். இரண்டு பேருடைய பெயரிலும் சாதி இருக்கிறது. முதல் சின்னப்பாவின் 'யு'வுக்குள் உலகநாத பிள்ளை மடக்கி வைக்கப்பட்டிருக்கிறார். வெளியே தெரிவது ஓர் ஆங்கில எழுத்து. இரண்டாமவரிடம் அது முழுச் சொல்லாகக் கடைசியில் நிற்கிறது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச்சொல்லித் தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகு சுவரொட்டியில் தமிழ்ப் பெயர்களின் வால் மெதுவாக உதிரத் தொடங்கியது. தலைப்பெழுத்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. திராவிட இயக்கத்தின் மிகப்பெரிய சினிமா முகமான எம்.ஜி.ஆருக்கு அதிகப் படம் எடுத்த முதலாளியின் பெயரில் மட்டும் வால் கடைசிவரை இருந்தது. தொட்டதற்கெல்லாம் முருகா என்று கூப்பிட்டவர், மருதமலைக்கு மின்விளக்கு போட்டுக்கொடுத்தவர். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் சிரமமில்லாமல் இருந்ததை முரண் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போவது சுலபம். திராவிட இயக்கம் வெகுஜனத் தளத்தில் எதை விட்டது, எதைத் தொடாமல் வைத்தது என்பதற்கு இந்தப் பெயர்ப்பலகை நல்ல சாட்சி என்பது என் கட்சி.

அப்புச்சி சொன்ன திருத்தம் அவர் அறியாமலே வேறொரு குழப்பத்தையும் கொண்டுவந்தது. ராமநாதபுரத்துத் தேவர் என்றால் கொங்கு நாட்டுக்கு வெளியே யாருக்கும் கோயமுத்தூர் ஞாபகம் வராது. வைகைக்குத் தெற்கே, சேதுபதி சீமைதான் ஞாபகம் வரும். மதுரைப் பக்கம் படித்த நண்பர்கள் பலரும் தேவரைத் தென்மாவட்டத்துக்காரர் என்றே சாதித்திருக்கிறார்கள். திருச்சி ரோட்டில் சுங்கத்தைத் தாண்டினால் வருகிற ராமநாதபுரம் என்று வரைபடம் போட்டுக் காட்டினாலும் நம்பச் சங்கடப்படுகிறார்கள். சாதிச்சொல் ஆளைக் கோவை மில் தெருவிலிருந்து தூக்கிக்கொண்டுபோய், அவர் பிறக்காத மாவட்டத்தில் இறக்கிவிட்டது. ஒரு பிள்ளை இரண்டு ஆட்களை ஒன்றாக்கினால் அது அறியாமை என்கிறோம். ஊரே ஒரு ஆளை ஊர்மாற்றி வைத்திருந்தால் அது தகவல்.

(பெயர் என்னும் இந்த விளையாட்டில் தலைப்பெழுத்தும் பெரிய உத்தரவாதம் ஒன்றும் தருவதில்லை. சோழவந்தான் பக்கத்து நடிகர் டி.ஆர். மகாலிங்கம், திருவிடைமருதூர்ப் புல்லாங்குழல் டி.ஆர். மகாலிங்கம்; இரண்டெழுத்தும் ஒன்று, பெயரும் ஒன்று. அங்கே ரசிகர்கள் குழல்காரருக்கு 'மாலி' என்று சுருக்கிப் பேர் வைத்துத் தப்பித்தார்கள். சின்னப்பா என்பதோ இன்னும் வழுக்கலான பெயர். நம் வீடுகளில் அது சிலருக்குச் சித்தப்பன் முறை. பழைய கத்தோலிக்கத் தமிழில் பவுல் அப்போஸ்தலருக்குச் சின்னப்பர் என்று பெயர். பவுலுஸ் என்றால் லத்தீனில் சிறியவர். புதுக்கோட்டைக்காரருக்கே முதலில் வைத்த பெயர் சின்னசாமி. சினிமாவுக்கு வந்தபிறகு சின்னப்பா ஆனது.)

இனி முக்கியமான இடம். என் மாமன் மகன் செய்தது என்ன? ஒருவருடைய குரலை இன்னொருவருடைய உடம்பில் ஒட்டினான். இதைத் தப்பு என்று அப்புச்சி சொன்னார். ஆனால் ஐம்பதுகளுக்குப் பிறகான தமிழ் சினிமா முழுக்கச் செய்த வேலை இதுதானே? பின்னணி பாடுதல் என்று அதற்குப் பேர். ஏவி.எம்மின் 'நந்தகுமார்' (1938) அதைத் தமிழில் தொடங்கிவைத்தது. ஆனாலும் நாற்பதுகளில் நடிகன் தானே பாட வேண்டும் என்பதே நியதி. அந்த நியதியின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் பட்சிராஜா எடுத்த 'ஜகதலப்ரதாப'னின் கச்சேரிக் காட்சியைப் பார்க்க வேண்டும். மேடையில் ஐந்து பி.யு. சின்னப்பாக்கள். பாடுபவர் அவர், பக்கவாத்தியமும் அவரே. ஐந்து உடம்பு, ஒரே ஆள், அவருடையதே குரல். எடுத்த இடம் சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோ. அதே திருச்சி ரோட்டில் மேற்கே கொஞ்ச தூரத்தில் இன்னொரு சின்னப்பாவின் ராமநாதபுரம். குரலும் உடம்பும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்ற அழகியல் தன் கடைசிப் பெரிய விருந்தைப் போட்டது அங்கே. சண்டைக்காரர்களின் உடம்பு என்ற தனிச்சரக்கு அதே ரோட்டிலிருந்து அதே ஸ்டுடியோவுக்குள் நடந்து போனது. ரெண்டும் ஒரே ஊர்.

ரொலாண் பார்த் 1972இல் குரலின் சொரசொரப்பு பற்றி எழுதினார். பாட்டில் அர்த்தமும் ராகமும் போக, பாடுகிறவன் உடம்பு குரலில் ஒட்டிக்கொண்டு வருகிறது, அதுதான் நம்மைத் தொடுகிறது என்றார். பி.யு. சின்னப்பாவின் இசைத்தட்டில் அந்த உடம்பு கேட்கிறது என்றே நினைக்கிறேன். பாகவதரின் குரல் மேலே மிதக்கும். இவருடையது தரையில் காலூன்றி நின்று வரும். கம்பு பிடித்த கையின் மூச்சு. இதை நிரூபிக்க முடியாது. கேட்டுத்தான் பார்க்க வேண்டும். பின்னணிக் குரல் வந்தபிறகு இந்த ஒட்டுதல் அறுந்தது. குரல் ஒரு சம்பளத்துக்கு, உடம்பு ஒரு சம்பளத்துக்கு, விழுந்து எழுகிற உடம்பு இன்னொரு சம்பளத்துக்கு. மில்லில் ஒவ்வொரு டிபார்ட்மெண்டாக வேலை பிரிவது மாதிரி. அதைப் பார்த்து வளர்ந்த நாம்தான், 'சின்னப்பா ஒன்று பாடுவார் அல்லது சண்டை போடுவார், இரண்டையும் எப்படிச் செய்வார்' என்று கேட்கிறோம். இரண்டு சின்னப்பாக்களுக்கு நடுவே நாம் போடும் கோடு பின்னணிப் பாட்டுத் தொழில் போட்ட கோடு. அந்தக் கோட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் 1944இன் மேல் போடுகிறோம்.

எம்.ஜி.ஆர் பிம்பம் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியனின் நூல் 1992இல் வந்தது. அதற்குப் பிறகு அந்த பிம்பத்தின் அரசியல் பற்றி நிறையவே பேசிவிட்டோம். அதன் உதிரிபாகங்கள் எங்கிருந்து வந்தன என்பதை அவ்வளவாகப் பேசவில்லை. பாய்ஸ் கம்பெனியில் பி.யு. சின்னப்பா பெயர் பெற்று நின்றபோது எம்.ஜி.ஆர் அங்கே சின்ன வேடக்காரப் பையன். இருவரும் பிறகு 'ரத்னகுமார்' (1949) படத்திலும் சேர்ந்து வருகிறார்கள். நாயகன் அவர், துணைப் பாத்திரம் இவர். இதற்கு நடுவில், முதன்முதலாக நாயகனாக நடித்த 'ராஜகுமாரி'யில் (1947) எம்.ஜி.ஆர் மோதும் பயில்வான் சின்னப்பா தேவர். அந்த வேடத்துக்கு அவர்தான் வேண்டும் என்று எம்.ஜி.ஆர் நின்றதாகச் சொல்வார்கள். இரண்டு சின்னப்பாக்களையும் குழப்பிக்கொள்ளாமல் நேரில் அறிந்த ஆள் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவரைத்தான் சொல்ல வேண்டும். ஒருவரிடமிருந்து வாள் பிடித்த ராஜகுமாரன் என்ற வடிவத்தையும் மற்றவரிடமிருந்து பயிற்சிக்கூட உடம்பையும் எடுத்துக்கொண்டார் என்பது என் வாசிப்பு. பாட்டு மட்டும் அவரிடம் இல்லை.

அதுவும் இதே ரோட்டிலிருந்துதான் வந்தது. சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் எடுத்த 'கிருஷ்ண விஜயம்' (1950) படத்தில் பாகவதர் பாணியில் பாடிக்கொண்டு ஒரு மதுரைக்காரர் சினிமாவுக்குள் நுழைந்தார். டி.எம். சௌந்தரராஜன். அடுத்த வருஷம் செப்டம்பரில் பி.யு. சின்னப்பா இறந்தார். 1956இல் தேவர் பிலிம்ஸ் தன் முதல் படமான 'தாய்க்குப்பின் தார'த்தை வெளியிட்டது. அதில் காளையோடு மோதுவது எம்.ஜி.ஆர். அவருக்காகப் பாடுவது டி.எம்.எஸ். தயாரிப்பு சின்னப்பா.